‘ஜப்பானைப் பாருங்கள்’ என்பவர்கள் என்னிடம் கேட்டவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மாலை நேர ஜப்பானிய மொழி வகுப்பு எடுக்கிறேன். ஜூலையிலும் டிசம்பரிலும் வரும் தேர்வுக்குப் படிப்பவர்கள்தான் பெரும்பாலும். வினைச்சொல் பற்றி வரும் சந்தேகத்தைவிட, ‘அந்த நாடு உள்ளுக்குள் எப்படி?’ என்று வரும் சந்தேகமே அதிகம். ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே கேள்விகள். இந்த முறை எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

டெக்னாலஜியில் ஜப்பான் இவ்வளவு முன்னால இருக்கு. அப்போ சமூகமும் முன்னேறித்தானே இருக்கும்?

சில விஷயங்களில் ஆமாம். 1961இலேயே மக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு வந்துவிட்டது. புல்லட் ரயில் என்று நாம் சொல்லும் ஷின்கான்சென் அதற்குப் பிறகுதான், 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது. இன்று சராசரி ஆயுள் 84 வயதை ஒட்டி இருக்கிறது. இதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் 1999ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். பிப்ரவரியில் ‘ஐ-மோட்’ என்ற கைபேசி இணையச் சேவை வந்தது. நம்மூரில் எஸ்டிடி பூத் வாசலில் காத்திருந்த காலத்தில் அங்கே கைபேசியில் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் பார்த்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான், ஆளெடுப்பதிலும் பதவி உயர்விலும் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டுவது சட்டப்படி தடையானது. 1986 முதல் நடைமுறையில் இருந்த சட்டம் அதுவரை ‘முயற்சி செய்யுங்கள்’ என்று முதலாளிகளைக் கேட்டுக்கொண்டதோடு சரி. ஜூனில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இழுத்தடிக்கப்பட்ட விஷயம் அது. ஜனவரியில் வயாக்ராவுக்கு அனுமதி கொடுக்க அதே அரசுக்கு ஆறு மாதம் போதுமாக இருந்தது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். யாரும் எதையும் விட்டுத்தர வேண்டியிருக்காத புதுமை சீக்கிரம் வந்துவிடுகிறது. யாரோ ஒருவர் தம் வசதியையோ அதிகாரத்தையோ விட்டுத்தர வேண்டும் என்றால் அது கிடப்பில் கிடக்கிறது. கீழே வரும் பதில்களில் இது பல வேடங்களில் வரும்.

இன்னும் ஃபேக்ஸ், ஃப்ளாப்பி எல்லாம் வச்சிருக்காங்களாமே? மீம் போடுறாங்க, நிஜமா?

நிஜம்தான். 2020இல் கொரோனா வந்தபோது மருத்துவர்கள் நோயாளியின் விவரத்தைக் கையால் எழுதி உள்ளூர் சுகாதார மையத்துக்கு ஃபேக்ஸில் அனுப்பினார்கள். அதன் பிறகுதான் அதற்கென ஓர் இணைய முறை வந்தது. ஃப்ளாப்பி, சிடி போன்றவற்றில்தான் தகவல் தர வேண்டும் என்று ஏறத்தாழ 1,900 அரசு நடைமுறைகள் கேட்டன. டிஜிட்டல் துறை அமைச்சராக இருந்த தாரோ கோனோ 2022இல் ஃப்ளாப்பி மீது ‘போர்’ அறிவித்தார். 2024 கோடையில்தான் வெற்றி என்று சொல்ல முடிந்தது.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று பார்த்தால் புரியாது. ஃப்ளாப்பியையும் ஃபேக்ஸ் இயந்திரத்தையும் உலகத்துக்கே செய்து விற்ற நாடு அது. ‘ஹான்கோ’ என்ற முத்திரையைப் பாருங்கள். ஒரு காகிதம் கீழ்நிலை அலுவலரிடம் கிளம்பி ஒவ்வொரு மேசையாக ஏறி மேலே போகும், ஒவ்வொருவரும் தம் முத்திரையைக் குத்துவார்கள். மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துக் குனிந்து வணங்குவதுபோல இளையவர் தம் முத்திரையைச் சாய்த்துக் குத்தும் வழக்கம்கூட சில அலுவலகங்களில் உண்டு. அந்தக் காகிதத்தை மின்னஞ்சலாக்கினால் நடுவில் இருக்கும் மேசைகளுக்கு என்ன வேலை? அதனால்தான் காகிதம் போக மறுத்தது.

ரயில் இருபது செகண்ட் சீக்கிரம் கிளம்பினதுக்கு மன்னிப்புக் கேட்டாங்களே சார், அதைவிட என்ன பண்பாடு வேணும்?

அந்தச் செய்தி உண்மை. 2017 நவம்பரில் மினாமி-நகரேயாமா நிலையத்தில் சுகுபா எக்ஸ்பிரஸ் 9:44:40க்குப் பதிலாக 9:44:20க்குக் கிளம்பியது. பயணிகள் யாரும் புகார் செய்யாமலேயே நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வாட்ஸப்பில் வாரம் ஒருமுறையாவது எனக்கு வருகிறது.

வராத செய்தி ஒன்று உண்டு. 2005 ஏப்ரல் 25 காலை, அமாகசாகியில் ஏழு பெட்டி ரயில் ஒன்று தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்கு வயது 23. முந்தைய நிலையத்தில் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் நிறுத்தியதில் ஒன்றரை நிமிடம்கூட இல்லாத ஒரு தாமதம். அதை ஈடுகட்டப் போய், மணிக்கு 70 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவில் 116இல் வந்திருக்கிறார். தாமதம் செய்யும் ஓட்டுநர்களுக்கு அந்த நிறுவனத்தில் ‘மறுபயிற்சி’ என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பயிற்சி. நாள்கணக்கில் அறிக்கை எழுத வைப்பது, எல்லோர் முன்னும் திட்டுவது, களை பிடுங்க விடுவது எல்லாம் அதில் அடக்கம். அவர் அதை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்தவர். அந்த வளைவில் வேகத்தைத் தானாகக் குறைக்கும் கருவி இன்னும் பொருத்தப்படாமல் இருந்தது.

நானும் அந்த நாட்டு ரயிலை ரசிப்பவன்தான். ஷின்கான்சென் தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் நேரந்தவறாமை என்ற அழகான சொல்லுக்குப் பின்னால் பயம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அதைப் பண்பாடு என்று சொல்லிவிடக் கூடாது.

ரைஸ் குக்கரையே அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய விடுதலை இல்லையா?

பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. தானாக அணையும் மின் குக்கரை டோஷிபா 1955 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் குடும்பத்தில் எல்லோருக்கும் முன்பாக எழுந்து அடுப்பின் முன் உட்கார்ந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் வாஷிங் மெஷின் வந்தது, எல்லாம் வந்தது. 2021இல் அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளில் வீட்டுவேலைக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் மனைவி ஒரு நாளில் செலவிடுவது 7 மணி 28 நிமிடம், கணவன் 1 மணி 54 நிமிடம். குக்கர் வேலையைச் சுலபமாக்கியது, யார் வேலை என்பதை மாற்றவில்லை. தந்தையர் விடுப்பு எடுப்பது 2012இல் இரண்டு சதவீதத்துக்கும் கீழே இருந்து 2024இல் நாற்பது சதவீதமானது. அதைச் செய்தது எந்தக் கருவியும் அல்ல, விடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தங்கள்.

இப்போ பெண் பிரதமரே வந்தாச்சே. இன்னும் என்ன குறை?

2025 அக்டோபரில் சனாயே தகாய்ச்சி பிரதமரானார். அந்த நாட்டில் அது முதல்முறை, முக்கியமான விஷயம்தான். ஆனால் சட்டப்படி மணந்த ஜப்பானியத் தம்பதி இன்றும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். யாருடைய பெயராகவும் இருக்கலாம் என்கிறது சட்டம். மாற்றிக்கொள்பவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பெண்கள். விரும்பினால் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அரசின் சட்ட ஆலோசனைக் குழுவே 1996இல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் பழைய விதி செல்லும் என்றது. அதை மாற்றுவதை எதிர்ப்பவர்களில் தகாய்ச்சியும் ஒருவர். முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை இங்கே வைத்துப் பாருங்கள்.

அங்கே சாதியே கிடையாதுன்னு சொல்றாங்களே?

இதைக் கேட்பவர்கள் கேட்கும்போதே கொஞ்சம் ஏக்கத்தோடு கேட்கிறார்கள். பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

தோல் பதனிடுதல், இறந்த விலங்குகளை அகற்றுதல் போன்ற வேலைகள் செய்தவர்களைத் தீண்டத்தகாதவராக ஒதுக்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது. 1871இல் மெய்ஜி அரசு அந்த இழிபெயர்களை ஒரு ஆணையால் ஒழித்தது. அடுத்த ஆண்டு, முதல் ரயில் ஓடிய அதே 1872இல், நாடு முழுவதும் குடும்பப் பதிவேடு எழுதினார்கள். நவீன நிர்வாகத்தின் பெருமையான சாதனை. அதில் பல இடங்களில் இவர்களின் பழைய நிலையையும், ‘புதிய குடிமக்கள்’ போன்ற அடையாளத்தையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி பூட்டியது 1968இல்தான்.

பூட்டியதும் என்ன ஆனது? இந்த மக்கள் வாழும் ஊர்ப்பெயர்களை அச்சடித்து நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்றது 1975இல் அம்பலமானது. வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியை அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிற்பாடு அதே வகைப் பட்டியல்கள் இணையத்துக்கு வந்தன. 2016இல் இந்தப் பாகுபாட்டை ஒழிப்பதற்கென்றே வந்த சட்டம், தகவல் தொழில்நுட்பம் பெருகியதால் நிலைமை மாறியிருப்பதைத் தன் முதல் பிரிவிலேயே ஒப்புக்கொள்கிறது. கை எழுத்து அச்சாகி, அச்சு இணையமாகி, தேடுபவர் தேடுவது மட்டும் மாறாமலே இருந்திருக்கிறது.

மருத்துவம் முன்னேறினா நோயாளிகளை ஒதுக்குறதாவது போயிடும்தானே?

போக வேண்டும். தொழுநோய்க்கு மருந்து ஜப்பானில் 1940களின் பிற்பகுதியிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் நோயாளிகளைத் தனியே அடைத்துவைக்கும் சட்டம் 1953இல் புதுப்பிக்கப்பட்டு, 1996 வரை அமலில் இருந்தது. குணமானவர்கள்கூட உள்ளேயே கிழவர்களானார்கள். உள்ளே திருமணம் செய்துகொள்ளக் கருத்தடை அறுவைதான் நிபந்தனை.

ஒகயாமா மாகாணத்தில் நகஷிமா என்றொரு தீவு. 1930இல் நாட்டின் முதல் தேசியத் தொழுநோய்க் காப்பகம் அங்கேதான் திறந்தது. கரைக்கும் தீவுக்கும் நடுவே மிகக் குறுகிய இடத்தில் முப்பது மீட்டர்தான். ஒரு பாலம் போடுங்கள் என்று உள்ளே இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1988 ஏப்ரலில் அதே மாகாணத்திலிருந்து உள்நாட்டுக் கடலின் மேல் ஷிகோக்குத் தீவுக்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும் செதோ பெரும்பாலம் திறந்தது. ரயிலும் காரும் போகும் பொறியியல் அதிசயம். நகஷிமாவின் சின்னப் பாலம் திறந்தது அதற்கு அடுத்த மாதம். அங்கிருந்தவர்கள் அதை ‘மனிதம் மீட்கும் பாலம்’ என்றார்கள்.

முப்பது மீட்டர் தண்ணீரைத் தாண்டப் பாலம் கட்டத் தெரியாமலா அத்தனை ஆண்டு? வகுப்பில் இதற்கு மேல் நான் விளக்குவதில்லை. 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்த அடைத்துவைப்பு அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

வளர்ச்சின்னா கொஞ்சம் பாதிப்பு இருக்கத்தான் செய்யும். மினமாட்டா மாதிரி நடந்ததெல்லாம் அந்தக் காலம் இல்லையா?

‘கொஞ்சம் பாதிப்பு’ யாருக்கு என்பதுதான் விஷயம். மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசத்தை மீன் தின்றது, மீனை மீனவக் குடும்பங்கள் தின்றன. நோய் 1956இல் பதிவானது. 1959இல் ஆலையின் சொந்த மருத்துவரே பூனைக்கு அந்தக் கழிவைக் கொடுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. 1968 மே மாதம் அந்தச் செய்முறையே பழசாகிப்போய் நிறுத்தப்பட்டது. ஆலைதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது செப்டம்பரில், அதாவது நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது.

அதன் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. நான்கு பெரிய மாசு வழக்குகளிலும் 1971 முதல் 1973க்குள் பாதிக்கப்பட்டவர்கள் ஜெயித்தார்கள். 1970 கடைசியில் ஒரே கூட்டத்தொடரில் 14 மாசுச் சட்டங்கள் நிறைவேறின. 1978இல் வந்த கார்ப் புகை வரம்பு அன்று உலகிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. முடியவே முடியாது என்று புலம்பிய கார் நிறுவனங்கள் பிறகு செய்து காட்டின. ‘குறைவாகப் புகைக்கும் ஜப்பான் கார்’ என்ற பெயர் வந்ததில் வழக்குப் போட்ட மீனவர்களுக்கும் பங்குண்டு.

அப்போ நல்ல மனசுல இருந்து வந்த டெக்னாலஜி ஒண்ணுகூட இல்லையா?

இருக்கிறது. சென்னை மெட்ரோ பிளாட்பாரத்தில் புடைப்புக் கோடுகளும் புள்ளிகளும் உள்ள மஞ்சள் ஓடு பதித்திருப்பார்களே, அதன் மேல் தினமும் நடக்கிறோம். பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் வழி தெரிந்துகொள்வதற்காக 1965இல் செயிச்சி மியாகே உருவாக்கியது அது. பார்வை குறைந்துவந்த ஒரு நண்பருக்காக யோசித்தார் என்பார்கள். சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் தொடங்கினார். 1967 மார்ச் 18 அன்று பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே ஒரு சாலைக் கடப்பில் முதலில் பதித்தார்கள். ஊர்: ஒகயாமா. நகஷிமா இருக்கும் அதே ஒகயாமா.

சிப் இல்லை, மின்சாரம் இல்லை, வெறும் சிமென்ட் அச்சு. நான் பார்த்தவரை ஜப்பான் உலகத்துக்குக் கொடுத்ததில் ஆக நல்லது இதுதான். ரோபோக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

வயசானவங்களை அங்கே ரோபோதான் பார்த்துக்குதாமே?

படத்தில் பார்த்தது அது. ‘பாரோ’ என்ற கடல்நாய்க்குட்டி பொம்மை ரோபோ உண்மையிலேயே மறதிநோய் உள்ள சிலரை அமைதிப்படுத்துகிறது. 2014இல் ஆரவாரமாக வந்த ‘பெப்பர்’ ரோபோவின் உற்பத்தி சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. குளிப்பாட்டி, உடை மாற்றி, இரவில் மூன்று முறை எழுந்து பார்ப்பது இன்னும் மனிதக் கைதான்.

மக்கள்தொகையில் 65 வயதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 29 சதவீதம். அந்தக் கைகள் வெளியிலிருந்து வருகின்றன. 2008 முதல் இந்தோனேசியா, பிறகு பிலிப்பைன்ஸ், வியட்நாம். 2019இல் புதிய விசா வந்தது, 2021இல் அதற்காக இந்தியாவோடும் ஒப்பந்தம் ஆனது. என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் செவிலியர்கள் அதனால்தான் வந்திருக்கிறார்கள். 1993இல் தொடங்கிய ‘தொழில் பயிற்சி’த் திட்டம் பயிற்சி என்ற பெயரில் மலிவான ஆள் பிடிப்பதாகப் பல ஆண்டுகள் திட்டு வாங்கி, 2024இல்தான் அதற்கு மாற்றுச் சட்டம் வந்தது. ‘வெளிநாட்டவர் வேண்டாம், ரோபோ போதும்’ என்று ஒரு நாடு தனக்கே கதை சொல்லிக்கொண்டால், வந்திருப்பவர்களுக்கான விதிகளை எழுதத் தாமதமாகத்தான் செய்யும். போகிறவர்கள் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டு அளவுகோலை வச்சு அவங்களை அளக்கலாமா? அது அவங்க கல்ச்சர்.

இதுவே எனக்கு ரொம்ப நேரம் எடுக்கும் கேள்வி. உலகத் தரவரிசைகளை நான் அதிகம் நம்புவதில்லை. உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிப் பட்டியலில் 2024இல் ஜப்பானுக்கு 146 நாடுகளில் 118ஆம் இடம். உடல்நலத்திலும் கல்வியிலும் அங்கே ஆண்-பெண் இடைவெளி கிட்டத்தட்ட இல்லை, அரசியலும் பொருளாதாரமும் சேர்ந்து கீழே இழுக்கின்றன. ஒற்றை எண்ணில் அது தெரியாது.

ஆனால் மேலே சொன்ன ஒன்றைக்கூட வெளிநாட்டவர் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அஷியோ தாமிரச் சுரங்கம் ஆற்றைக் கெடுத்தபோது, ஷோசோ தனாகா என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு 1901இல் பேரரசரின் வண்டியை மறித்து மனுக் கொடுக்கப் பாய்ந்தார். தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டவர்கள் 1922இல் கியோட்டோவில் தங்களுக்கென்று ‘சுய்ஹெய்ஷா’ அமைப்பைத் தொடங்கினார்கள். தீவுக்குள் இருந்தவர்கள்தான் பாலம் கேட்டார்கள். இவர்களும் அந்தக் கல்ச்சர்தானே?

பண்பாட்டைக் காரணம் காட்டுவதில் இன்னொரு சௌகரியம் உண்டு. 2011 ஃபுகுஷிமா அணுஉலை விபத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, அது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று 2012இல் துணிந்து சொன்னது. ஆனால் அறிக்கையின் ஆங்கிலப் பதிப்பு முன்னுரையில் தலைவர் கியோஷி குரோகவா, கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் ஜப்பானியப் பழக்கத்தின் மேல் காரணத்தை ஏற்றினார். அது எனக்கு உடன்பாடில்லை. பழி பண்பாட்டின் மேல் விழுந்தால், கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஜப்பான்ல வாங்கின போன்ல கேமரா சத்தத்தை நிறுத்தவே முடியலை. ஏன் சார்?

எப்போதும் கடைசியில் வரும் கேள்வி, செகண்ட் ஹேண்ட் போன் வாங்கிய யாராவது கேட்பார்கள். கேமரா கைபேசி 2000ஆம் ஆண்டிலேயே அங்கே கடைக்கு வந்துவிட்டது. கூடவே ரயிலிலும் மாடிப்படியிலும் பெண்களைத் திருட்டுத்தனமாகப் படமெடுப்பதும் பெருகியது. எந்தச் சட்டமும் சொல்லாமல், படமெடுத்தால் சத்தம் வந்தே தீர வேண்டும் என்று நிறுவனங்கள் தாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. பல போன்களில் உள்ளே அணைக்க வழி இருக்காது.

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் அப்போது இல்லை, ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி விதி. விமானத்தில் ஒருவர் அப்படிப் படமெடுத்துப் பிடிபட்டால், அந்த நொடியில் விமானம் எந்த மாகாணத்தின் வானத்தில் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அது முடியாமல் குற்றவாளி தப்பிக்கலாம். திருட்டுப் படமெடுப்பதையே குற்றமாக்கும் தேசியச் சட்டம் 2023 ஜூலையில் அமலுக்கு வந்தது. கேமரா கைபேசி வந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை அந்தப் பெண்களுக்குக் காவல் உங்கள் கையில் இருக்கும் அந்த ‘கிளிக்’ சத்தம்தான். அணைக்க வழி இல்லை, அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.